அச்சில் வரும் ஊர்ச் செய்திமடலை நிறுத்தலாமா? செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு

வடக்குக்காற்று (திங்கள், இரவு 9.10)

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, நார்தம்பர்லாந்தில். ஹெக்ஸமிலிருந்து காரில் இருபது நிமிடம். முந்நூற்றுச் சொச்சம் வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு பப், ஒரு வில்லேஜ் ஹால். கடை மூடிப் பல வருடமாகிறது. போன வருடம் எங்கள் பாரிஷ் கவுன்சிலில் ஓர் இடம் காலியானது. தேர்தல் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை, அதனால் கவுன்சிலே என்னை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்காக: பாரிஷ் கவுன்சில் என்பது ஏறக்குறைய நம் ஊராட்சி மாதிரி, ஆனால் அதிகாரம் மிகக் குறைவு. 1894-ஆம் வருடச் சட்டத்தில் பிறந்தது. இங்கிலாந்தில் சுமார் 10,000 இருக்கின்றன. வீட்டு வரியோடு சேர்த்து வசூலாகும் ஒரு சின்னத் தொகைதான் வருமானம். விளையாட்டுத் திடல், பெஞ்சு, கல்லறைத் தோட்டம், அறிவிப்புப் பலகை, இவைதான் வேலை.

எங்கள் செய்திமடல் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். 320 பிரதி. வருடத்துக்கு 1,700 பவுண்டு ஆகிறது, பாதி விளம்பரத்தில் திரும்பி விடுகிறது. தன்னார்வலர்கள் ஆளுக்கு இருபது இருபத்தைந்து வீடு என்று பிரித்துக்கொண்டு கதவுத் துளையில் போட்டுவிட்டு வருவார்கள். ஏப்ரலிலிருந்து அச்சை நிறுத்தி, ஃபேஸ்புக் பக்கமும் மின்னஞ்சலும் போதும் என்று தீர்மானம் வந்திருக்கிறது. அடுத்த வாரம் செவ்வாய் வாக்கெடுப்பு. எதிர்த்து வாக்களிக்கப் போகிறேன்.

காரணம் ஆர்வென் புயல். 2021 நவம்பர் 26, வெள்ளி இரவு. நாடு முழுக்கச் சுமார் பத்து லட்சம் வீடுகளுக்கு மின்சாரம் போனது. ஏறத்தாழ 4,000 வீடுகளுக்கு ஒரு வாரம் தாண்டியும் வரவில்லை. எங்களுக்கு ஐந்து நாள். முதல் நாளே கைப்பேசிக் கோபுரமும் படுத்துவிட்டது. இணையம் இல்லை, போன் இல்லை, வெளியே உறைபனி. வில்லேஜ் ஹாலில் எரிவாயு அடுப்பு இருந்தது, ஆனால் சாவி யாரிடம்? செய்திமடலின் கடைசிப் பக்கத்தில் சாவி வைத்திருப்பவரின் வீட்டு முகவரி இருந்தது. போய்த் தட்டினோம். மதியத்துக்குள் சூப் கொதித்தது. மடல் போடுகிறவர்கள் தங்கள் வீடுகளுக்குத் தாங்களே போய், யார் தனியாக இருக்கிறார்கள் என்று பார்த்து வந்தார்கள்.

நான் எங்காவது தப்பாக யோசிக்கிறேனா? இங்கிலாந்துக் கிராமங்களில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

லெவல்ஸ்வாசி (திங்கள், இரவு 10.02)

நான் நேர் எதிர்ப்பக்கம். சாமர்செட் லெவல்ஸில் இருக்கிறேன், தாழ்ந்த நிலம். 2013–14 குளிர்காலத்தில் மச்செல்னி கிராமத்தைச் சுற்றி வெள்ளம் நின்று அது தீவாகவே ஆகிவிட்டது. மக்கள் படகில் போய் வந்தார்கள். எங்கள் ஊர் அதற்குப் பக்கம். அந்த ஜனவரியில் எங்கள் வீட்டுக்கு வந்த ஊர் இதழில் என்ன இருந்தது தெரியுமா? காபி மார்னிங், பூச்செடி விற்பனை, தேவாலயக் கூரை நிதி. டிசம்பரில் அச்சுக்குப் போன இதழ் அது. எந்தச் சாலை மூடியிருக்கிறது, யாரிடம் டிராக்டர் இருக்கிறது, மாட்டுக்கு வைக்கோல் எங்கே கிடைக்கும், எல்லாமே ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும்தான் ஓடியது. ஆற்றைத் தூர்வாரச் சொல்லி அரசாங்கத்தை நெருக்கியதும் அதே வழியில்தான்.

இன்னொன்று. உங்கள் ஊரில் அந்த ஐந்து நாளும் உதவியது மனிதர்கள். காகிதத்துக்கு ஏன் அந்தப் பெருமை? அந்த 1,700 பவுண்டில் ஹாலுக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கி வையுங்கள். சாவி யாரிடம் என்பதை ஹால் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

கடைக்கார அண்ணை (செவ்வாய், காலை 6.15)

நான் நோர்ஃபொக்கில ஒரு கிராமத்தில கடையும் போஸ்ட் ஒபீசும் வைச்சிருக்கிறன். 2008-ல வாங்கினது. எங்கட சனம் கனபேர் இப்பிடி ஊர்க்கடை நடத்தினம், தெரியும்தானே.

தம்பி லெவல்ஸ்வாசி, வெள்ளம் வாற நாள் வேற, மற்ற 360 நாள் வேற. நாங்கள் இஞ்ச வந்த புதுசில ஒருத்தரையும் தெரியாது. கடைக்கு மேல வீடு. ஒருநாள் கதவுக்குள்ளால ஒரு சின்னப் புத்தகம் விழுந்துது. அறுவடைக்கால விருந்து, எல்லாரும் வரலாம், ஒரு சாப்பாடு கொண்டு வாங்கோ எண்டு இருந்தது. அம்மா கத்தரிக்காய்க் கறி வைச்சுக் கொண்டு போனவ. அடுத்த கிழமை ரெண்டு மனிசிமார் கடைக்கு வந்து அந்தக் கறிக்கு என்ன தூள் போட்டது எண்டு கேட்டவை. அண்டைக்குத்தான் இந்த ஊர் எங்கட ஊராச்சுது.

ஃபேஸ்புக் குழுவெண்டா, அப்பிடி ஒண்டு இருக்குதெண்டு முதல்ல தெரியவேணும், பேந்து சேரக் கேக்கவேணும், ஆரோ ஒராள் ஓமெண்டவேணும். புத்தகம் ஒருத்தரையும் கேளாமல் வந்து விழும்.

சஃபோக் அம்மா (செவ்வாய், காலை 11.40)

அண்ணே, நீங்க சொன்னது மனசுக்கு இதமா இருந்துச்சு. ஆனா எங்க ஊர் இதழ் எங்க வீட்டுக்குள்ள விழுந்தும் எங்களைச் சேர்த்துக்கலையே.

ரெண்டு சின்னப் பிள்ளைங்க, ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். இதழைத் திறந்தா விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்னு ஊர்ப் பெண்கள் சங்கக் கூட்டம் புதன் மதியம் ரெண்டரை. காபி மார்னிங் வியாழன் பத்தரை. சீட்டாட்டம் வெள்ளி ரெண்டு மணி. வேலைக்குப் போறவங்க எதுக்கும் போக முடியாது. பூங்கால ஊஞ்சல் அறுந்து நாலு மாசம் கிடந்துச்சு, இதழ்ல ஒரு வரி கிடையாது. வாட்ஸ்அப்ல ஒரு படம் போட்டேன், பதினோரு குடும்பம் கவுன்சிலுக்கு எழுதுனாங்க, மூணே வாரத்துல மாட்டிட்டாங்க.

கொரோனா காலத்துல 2020 ஏப்ரல்ல இருந்து 2021 மே 6 வரைக்கும் கவுன்சில் கூட்டத்தை இணையத்துலயே நடத்தலாம்னு சட்டம் இருந்துச்சு. பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே அஞ்சு கூட்டம் கேட்டேன், ரெண்டுல பேசினேன். அந்தச் சட்டம் முடிஞ்ச நாள்ல இருந்து எங்களால போக முடியல. காகிதத்துல யாரும் விடுபட மாட்டாங்கன்னு சொல்றவங்க, ஏற்கெனவே விடுபட்டவங்களை எண்ணிப் பார்க்கறதில்ல.

வடக்குக்காற்று (செவ்வாய், இரவு 8.30)

சஃபோக் அம்மா, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எங்கள் மடலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது எழுதுபவர்களின் குறை, அச்சின் குறை அல்லவே? விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்டை மட்டும் கொஞ்சம் காக்க விரும்புகிறேன். 1897-இல் கனடாவில் ஆரம்பித்து 1915-இல் வேல்ஸின் லான்வைர்புல் என்ற ஊர் வழியாகப் பிரிட்டனுக்கு வந்த அமைப்பு. போர்க்காலத்தில் ஊர்ப் பெண்கள் உணவு விளைவித்து, பதப்படுத்தி, தாங்களே கூட்டம் நடத்தக் கற்றுக்கொண்ட இடம். மாலைக் கூட்டமாக மாற்றச் சொல்லிக் கேட்டால் மாற்றுவார்கள். எங்கள் ஊரில் மாற்றியிருக்கிறார்கள்.

லெவல்ஸ்வாசிக்கு: மனிதர்கள்தான் உதவினார்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்த மனிதர்களுக்கு எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? வருடத்துக்கு ஆறு தடவை அந்த வாசல்படி ஏறியதால்தான். நாய் பழகியிருக்கும், தோட்டத்தில் நிற்கிறவர் இரண்டு வார்த்தை பேசுவார், போன தடவை போட்ட மடல் கதவுக்குள் அப்படியே கிடந்தால் உடனே தெரியும். பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன். கையில் ஒரு காரணம் இல்லாமல் இந்த நாட்டில் யாரும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. அந்தக் காரணத்தைத்தான் நிறுத்தப் பார்க்கிறார்கள்.

வரப்போவதையும் யோசியுங்கள். 2027 ஜனவரிக்குள் பழைய செப்புக்கம்பித் தொலைபேசி நாடு முழுக்க நின்றுபோகிறது. புதியது வீட்டு இணையப் பெட்டி வழியாக ஓடும், மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். வேறு வழியில்லாதவர்களுக்கு நிறுவனம் பேட்டரி தர வேண்டும்தான், ஆனால் கட்டாயம் ஒரு மணி நேரத்துக்கு மட்டும். ஆர்வென் மாதிரி இன்னொன்று வந்தால் 2021-இல் இருந்ததைவிட மோசமாக மாட்டிக்கொள்வோம்.

லெவல்ஸ்வாசி (செவ்வாய், இரவு 9.15)

அப்படியானால் நேரடியாகத் தெருவுக்கு ஒருவரைப் பொறுப்பாளராகப் போடுங்கள். ஜன்னலில் வைக்க ஓர் அட்டை கொடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை கதவைத் தட்டட்டும். முந்நூறு வீட்டுக்கும் காகிதம் போட்டுத்தான் முப்பது முதியவர்களைப் பார்க்க வேண்டுமா?

மணிக்கூண்டு (செவ்வாய், இரவு 11.20)

டெவனில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் மணியடிப்பவர்களில் நானும் ஒருவன். நான் கிறிஸ்தவன் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஊர் இதழில் "மணியடிக்க ஆள் தேவை, கற்றுத் தருகிறோம்" என்று மூன்று வரி பார்த்துப் போனேன். கோபுரத்தில் ஆறு மணிகள், அடிக்க ஆறு பேர், ஒவ்வொரு சுற்றிலும் வரிசை மாறி மாறி வர வேண்டும். நம் ஊர் கொன்னக்கோல் கணக்குத் தெரிந்தவர்களுக்கு அது உடனே பிடித்துப்போகும்.

நான் பேச வந்தது வேறு. இந்த ஊர் இதழ்களுக்கு 160 வருடத்துக்கு மேல் வரலாறு உண்டு. 1859-இல் டார்பியில் எர்ஸ்கின் கிளார்க் என்ற பாதிரியார் தொடங்கிய முறை அது. நாடு முழுக்க ஒரே மாதிரியான உள்பக்கங்கள் அச்சாகி வரும், அதைச் சுற்றி அந்தந்த ஊர் தன் செய்தியைப் போட்டு அட்டை கட்டிக்கொள்ளும். எங்கள் தேவாலயப் பெட்டகத்தில் பழைய இதழ்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. முதல் உலகப் போரில் எந்தப் பையன் எந்த மாதம் காயப்பட்டான், போருக்குப் பிறகு நினைவு ஹால் கட்ட எந்த வீடு எத்தனை ஷில்லிங் கொடுத்தது, அந்த வருடம் யார் வீட்டு வெங்காயம் முதல் பரிசு வாங்கியது, எல்லாம் இருக்கிறது. ஃபேஸ்புக் குழுவை நடத்துகிறவர் கோபித்துக்கொண்டு ஒருநாள் மூடிவிட்டால் எங்கள் ஊரின் பத்து வருடம் போய்விடும். பக்கத்து ஊரில் அப்படி நடந்தது. கார் நிறுத்துகிற சண்டையில் ஆரம்பித்த விவகாரம்.

லெவல்ஸ்வாசி (புதன், காலை 7.05)

ஆவணம் வேண்டுமென்றால் பிடிஎஃப் செய்து மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பலாம். ஐந்து பிரதி அச்சடித்துப் பெட்டகத்திலும் வையுங்கள். 320 எதற்கு?

கிளார்க் (புதன், மதியம் 1.30)

சசெக்ஸில் இரண்டு பாரிஷ் கவுன்சில்களுக்கு நான் பகுதிநேரக் கிளார்க். சில விஷயங்களைத் தெளிவாக்கிவிடலாம்.

செய்திமடல் அடிக்க கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு, 1972 உள்ளாட்சிச் சட்டம் 142-ஆம் பிரிவு. கட்டாயம் கிடையாது. கட்டாயமானது வேறு: கூட்டத்துக்கு 3 முழு நாள் முன்னால் ஊரில் கண்ணில் படும் இடத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஃபேஸ்புக்கில் மட்டும் போட்டால் அது செல்லாது. ஆக அறிவிப்புப் பலகை எங்கும் போகாது. மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் நடுவே ஊர்ப் பொதுக்கூட்டம் நடக்க வேண்டும். அதில் வாக்காளர் யாரும் எழுந்து பேசலாம். வடக்குக்காற்று, இந்தக் கேள்வியை ஏன் அங்கே வைக்கவில்லை? ஏழு பேர் கை தூக்கி முடிக்கிற விஷயமா இது?

நான் பார்த்த வரையில் ஊர் இதழ்கள் பணமில்லாமல் சாவதில்லை, ஆசிரியர் இல்லாமல்தான் சாகின்றன. எங்கள் ஊரில் ஒரு அம்மா 19 வருடம் தனியாகச் செய்தார். ஒவ்வொரு இதழுக்கும் நாற்பது மின்னஞ்சல், பாதி கடைசித் தேதிக்குப் பிறகு வரும். அவர் விட்டதும் "இதழ் வேண்டும், வேண்டும்" என்று நூறு பேர் எழுதினார்கள். நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவரும் எழுதவில்லை. உங்கள் ஊர் மடலை யார் தயாரிக்கிறார்? அடுத்த வருடமும் செய்வாரா?

வடக்குக்காற்று (புதன், இரவு 10.50)

கிளார்க் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். எங்கள் ஆசிரியருக்கு 78 வயது. மார்ச்சோடு விடுகிறேன் என்று சொல்லிவிட்டார். தீர்மானம் வந்ததே அதன் பிறகுதான்.

லெவல்ஸ்வாசி (புதன், இரவு 11.01)

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். மூன்று நாளாகப் பணத்தைப் பற்றியும் புயலைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் கவுன்சிலில் மற்றவர்கள் காகிதத்தை வெறுக்கவில்லை, செய்ய ஆளில்லை. எதிர்த்து வாக்களிக்க ஒரு கை போதும். அதற்குப் பிறகு மடலை யார் செய்வது? நீங்கள் செய்வீர்களா?

கடைக்கார அண்ணை (வியாழன், காலை 6.05)

தம்பி, கேட்ட விதம் கொஞ்சம் கடுமை. ஆனாலும் கேக்கவேண்டிய கேள்விதான். தங்கச்சி, ஆறு தரம் வேண்டாம், நாலு காணும். பனிக்கு முன்னம், ஈஸ்டருக்கு முன்னம், கோடை விழாவுக்கு முன்னம், அறுவடைக்கு. விளம்பரம் தாறவைக்கும் அது போதும். நான் வருசத்துக்கு 60 பவுண்ட் குடுக்கிறன். நத்தாருக்கு போஸ்ட் ஒபீஸ் எத்தினை மணிக்குப் பூட்டும் எண்ட பக்கத்தை வெட்டிக்கொண்டு வந்து என்னட்டையே காட்டுற சனம் இருக்குது. ஃபேஸ்புக்கில சும்மா போடலாம்தான், போட்டும் பாத்தன். விசயம் முடிஞ்சு மூண்டு நாளுக்குப் பிறகு ஆக்களுக்குக் காட்டுது.

சஃபோக் அம்மா (வியாழன், மதியம் 12.20)

நேத்து ராத்திரி இதையேதான் யோசிச்சேன். யார்க்‌ஷயர்ல கெட்டில்வெல்னு ஒரு ஊர், 1994-ல இருந்து வைக்கோல் பொம்மைத் திருவிழா நடத்துறாங்க. வாசல்ல, சுவர் மேல, ஆத்தங்கரையிலன்னு ஊர் முழுக்க பொம்மை. அதைப் பார்த்துட்டு வந்துதான் எங்க வாட்ஸ்அப் அம்மாக்கள் போன ஆகஸ்ட்ல எங்க ஊர்லயும் செஞ்சோம். 34 பொம்மை. எந்தப் பொம்மை எங்கேன்னு ஒரே தாள்ல வரைபடம் அடிச்சு எல்லா வீட்டுக்கும் போட்டோம், ஊர்க் கோடியில இருக்கற கவுன்சில் வீடுகளுக்கும் (குறைஞ்ச வாடகைக்கு உள்ளாட்சி விடுற வீடுங்க) சேர்த்து. அந்தப் பக்கத்துல இருந்து எந்த விழாவுக்கும் வராதவங்க அன்னிக்குப் பிள்ளைகளோட வந்தாங்க. கையில அந்தத் தாள் இருந்துச்சு.

அதனால காகிதமே வேண்டாம்னு நான் சொல்ல வரல. அடிக்கணும்னு காரணம் இருக்கும்போது அடிங்க. வருசத்துக்கு ஆறு தடவை பக்கம் நிரப்பணும்னு அடிக்காதீங்க. யார் செஞ்சாலும், வேலைக்குப் போற வயசுல ஒருத்தர் கூட இருக்கட்டும். இல்லன்னா மறுபடி புதன் ரெண்டரை மணிதான்.

மணிக்கூண்டு (வியாழன், மாலை 5.45)

நான்கு இதழ் என்பது நல்ல யோசனை. பெட்டகத்துக்கும் போதும்.

வடக்குக்காற்று (வெள்ளி, காலை 8.40)

இரவுப் பணி முடிந்து இப்போதுதான் வந்தேன். மருத்துவமனையில் வாரம் மூன்று இரவு வேலை, அதனால்தான் லெவல்ஸ்வாசியின் கேள்விக்கு உடனே பதில் சொல்லவில்லை. வாய்ச்சொல்லாகப் போய்விடக் கூடாது.

நேற்று மாலை ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். மேசை முழுக்கப் பழைய மடல்கள். யார் எந்தத் தேதிக்குள் எழுதித் தருவார், யாரைத் துரத்த வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். நான் கேட்காமலேயே அதை என் கையில் கொடுத்தார். நான்கு இதழ் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு பெண், 30 வயது, பக்கம் வடிவமைக்க ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

செவ்வாய் நான் வைக்கப்போகும் திருத்தம்: ஒரு வருடத்துக்கு நான்கு இதழ். அவசரச் செய்திக்கு வாட்ஸ்அப். கடைசிப் பக்கம் எப்போதும் சாவி, டிஃபிபிரிலேட்டர் (இதயம் நின்றால் மின்னதிர்ச்சி தரும் கருவி) இருக்கும் பழைய போன் பெட்டி, மின்சாரம் போனால் அழைக்க வேண்டிய 105. தொடர்வதா நிறுத்துவதா என்று கேட்க, கிளார்க் சொன்னதுபோல், அடுத்த வருட ஊர்ப் பொதுக்கூட்டம்.

லெவல்ஸ்வாசி (வெள்ளி, காலை 9.30)

நீங்கள் நோட்டை வாங்கியதற்கு மரியாதை. ஆனாலும் உங்கள் ஊரில் இருந்தால் நான் எதிர்த்துத்தான் கை தூக்குவேன். இரவுப் பணி பார்க்கும் ஒரு நர்ஸின் தோளில் ஊரே ஏறிக்கொள்கிறது. ஒரு வருடத்தில் நீங்கள் களைத்துப்போனால் அன்றைக்கு இணையப் பக்கமும் பழகியிருக்காது, காகிதமும் இருக்காது. வாட்ஸ்அப்பை அவசரத்துக்கு மட்டும் என்று ஓரத்தில் வைக்காமல், முதல் நாளிலிருந்தே தினசரிப் பழக்கமாக்குங்கள். மின்னஞ்சல் பட்டியலையும் இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள்.

கிளார்க் (வெள்ளி, காலை 10.10)

பட்டியல் சேர்த்தால் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சாவி வைத்திருப்பவரின் முகவரியை அச்சிடவும் அவர் சம்மதம் வேண்டும்.

வடக்குக்காற்று (அடுத்த செவ்வாய், இரவு 9.55)

கூட்டம் இப்போதுதான் முடிந்தது. ஒருவர் வரவில்லை. மூன்றுக்கு மூன்று. தலைவர் தன் கூடுதல் வாக்கைத் திருத்தத்துக்குப் போட்டார், ஒரு வருடத்துக்கு. எதிர்த்தவர்களில் ஒருவர் வெளியே வந்து, மேற்குத் தெருவில் தான் போடும் இருபத்திரண்டு வீடுகளுக்குத் தொடர்ந்து போடுவேன் என்றார். மின்னஞ்சல் பட்டியலுக்கான சம்மதச் சீட்டு முதல் இதழோடு போகும், லெவல்ஸ்வாசி.

வாக்கெடுப்புக்கு முன்னால் ஹால் குழுத் தலைவி ஒன்று சொன்னார். சாவி வைத்திருந்தவர் ஜனவரியில் மகளோடு இருக்க நியூகாசிலுக்குப் போய்விட்டார். கடைசியாக வந்த மடலில் இன்னும் அவர் முகவரிதான் இருக்கிறது. புதியவரிடம் நாளை காலை போய்ச் சம்மதம் கேட்க வேண்டும். ஏப்ரல் வரை அந்தப் பக்கத்தைத் தனித்தாளாக அடித்து இந்த வாரமே போட்டுவிடுகிறோம்.